கோட்டுக்கு வெளியே ஒரு பூசணிக்காய்

அவரை நாங்கள் பிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் இல்லாத ஆள் இல்லை. தினம் இரண்டு வேளை அவர் பெயரை ஆஜர் புத்தகத்தில் எழுதியவனே நான்தான். ஆனாலும் இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் எதையும் அதன் இடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைப்பது அவருக்குப் பிடிக்காது. பெயரும் அதில் சேர்த்திதானே.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய ஊரில், உப்பனாற்றங்கரையை ஒட்டி இருந்த ஒரு கடலை எண்ணெய் மில்லில் நான் டயம் கீப்பர். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். வீடு சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால பாசஞ்சரில் திரும்புவேன். நூறு பேருடைய நேரத்தை எழுதிக்கொண்டிருந்த எனக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் கிடையாது. ரயில் வந்தால் காலை, ரயில் போனால் சாயங்காலம். இந்த லட்சணத்தில் என் உத்தியோகத்துக்குப் பெயர் டயம் கீப்பர்.

மற்றவர்கள் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருக்கிற இடத்தில், மிஷின்களைப் பழுதுபார்க்கிற எங்கள் பிட்டருக்கு சாக்பீஸ் இருக்கும். அவருடைய வேலை மேஜையில் ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் அதன் உருவத்துக்கு ஒரு கோடு. சுத்தியலுக்கு ஒன்று, அரத்துக்கு ஒன்று, ஸ்பானர்களுக்குப் பெரிசிலிருந்து சின்னது வரை வரிசையாக. மோர் குடிக்கிற லோட்டாவுக்குக்கூட ஒரு வட்டம் உண்டு. மிஷின் நின்றுபோனால் நான் பார்த்த மற்ற பிட்டர்கள் முதலில் கையைத்தான் உள்ளே விடுவார்கள். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். குனிவார். முகர்ந்துகூடப் பார்ப்பார். மானேஜர் அந்தப் பக்கம் நெருப்பின்மேல் நிற்பதுபோல் நிற்பார். "மொதல்ல பாத்துக்கலாம் சார். தொடுறதுக்கு நாள் கெடக்குது" என்பார் பிட்டர். பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் கழற்றுவார். திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அந்த வயதில் என்னை நானே பெரிய ஹாஸ்யக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடலை பொறுக்கும் பெண்களிடம் போய், பிட்டர் வீட்டில் பெண்டாட்டியைச் சுற்றியும் கோடு போட்டு வைத்திருக்கிறாராம் என்றேன். அவர்கள் சிரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவளும் எம்மேல போட்டிருக்கா சார்" என்றார். பெண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

இதற்குப் பழிவாங்குவதாக எண்ணிக்கொண்டு ஒருநாள் அவருடைய மோர் லோட்டாவை வட்டத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி என் மேஜையில் வந்து உட்கார்ந்தேன். அவர் வந்தார். குடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லோட்டாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நேரே என்னிடம் வந்து, மோர் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே என்றார். லோட்டாவின் விளிம்பில் என் கட்டைவிரல் மை அப்படியே பதிந்திருந்தது. துப்புத்துலக்குவதில் அவர் கெட்டிக்காரர் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குற்றம் செய்வதில் நான் எவ்வளவு மட்டம் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனேன். எங்கள் வீட்டுக் கிணற்று ராட்டினம் வாளியோடு கழன்று விழுந்திருந்தது. மில் பிட்டர் வருகிறார் என்று நான் சொன்னதை அம்மா ஏதோ கலெக்டர் வருகிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். கிணற்றடியைக் கழுவிக் கோலம் போட்டு, ராட்டினத்தைப் புளி போட்டுத் தேய்த்து, ஆயுதபூஜைக்கு வைப்பதுபோல் சந்தனம் குங்குமம் வைத்துப் பலகைமேல் உட்கார்த்தியிருந்தாள். பிட்டர் அதைச் சுற்றிவந்தார். முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம்.

"ரொம்ப லட்சணமா இருக்குதும்மா. ஆனா ஒண்ணும் பேச மாட்டேங்குதே" என்றார்.

விழுந்தது விழுந்தபடி கிடந்தால் எதனால் விழுந்தது என்று அதுவே சொல்லுமாம், கழுவிவிட்டால் வாயை மூடிக்கொள்ளுமாம். அம்மா தலையை ஆட்டினாள். அவர் மாட்டிக்கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போன பிறகு, நல்ல மனுஷன், ஆனால் கொஞ்சம் ஒரு மாதிரி என்றாள். மூன்றாம் நாள் ராட்டினம் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை யாரையும் தொடவிடாமல் அவரைக் கூட்டிவந்தேன். விழுந்து கிடந்த கோணத்தைப் பார்த்ததுமே, கோளாறு ராட்டினத்தில் இல்லை, மேல் உத்தரத்தின் துளையில் என்று கண்டுபிடித்தார். என் ஆயுளில் அவர் பேச்சைக் கேட்டு நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

எங்கள் மில்லில் முனுசாமி என்று ஒருவன் இருந்தான். தேவனாம்பட்டினத்துக்காரன். குடும்பமே கடலுக்குப் போகிற குடும்பம். இவன் மட்டும் வலையை விட்டுவிட்டு மில்லுக்கு வந்தவன். கடலுக்குப் போனால் திரும்புவது நிச்சயமில்லை, மில் என்றால் கால் தரையில் இருக்கிறது என்பான். கடலைத் தோல் உடைக்கிற மிஷினில் மூட்டையைக் கொட்டுவது அவன் வேலை. பிட்டரை மாமா என்று கூப்பிடுவான். உறவு கிடையாது, பிரியம்தான். அந்த மிஷினின் பெல்ட்டு ஓடுகிற இடத்தை மறைத்து இடுப்பளவுக்கு ஒரு கம்பிக் கிராதி உண்டு. முனுசாமி தினம் காலையில் மிஷின் ஓட ஆரம்பித்ததும் அந்தக் கிராதியின்மேல் வலது கையை ஊன்றிக் குனிந்து, அடியில் சேர்ந்திருக்கிற தோலை இடது கையால் வாரிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவான். கிராதியைப் பார்க்கவே மாட்டான். வீட்டுப் படியை யார் பார்த்து ஏறுகிறார்கள்?

ஒருநாள் மத்தியானம் அந்த பெல்ட்டு கிழிந்தது. யுத்த காலத்தில் புது பெல்ட்டு எங்கே கிடைக்கும்? பழசையே தைக்க வேண்டும். பிட்டர் கிராதியின் நாலு போல்ட்டையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு, கிராதியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்து தைத்தார். பெல்ட்டை மாட்டி முடித்த சமயத்தில் மானேஜரின் கார் வந்து நின்றது. அவர் வீட்டில் ஏதோ விசேஷம், கிணற்றுப் பம்பு தண்ணீர் இழுக்கவில்லை. கிராதியை மாட்டிவிட்டுக் கால் மணியில் வருகிறேன் என்றார் பிட்டர். அதெல்லாம் காலையில் மாட்டிக்கொள்ளலாம், ஏறு என்றார் மானேஜர். இஞ்சின் டிரைவர் அன்றைக்கு ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருந்தார். பிட்டருக்கு வாசிக்கத் தெரியும், எழுதக் கை வராது. காரில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"டயம் கீப்பர் சார், சிலேட்டுல எழுதி இஞ்சின் ரூம் கதவுல மாட்டிடுங்க. நான் வந்து கிராதி மாட்டுறவரைக்கும் ஓட்டக் கூடாதுன்னு."

ஆகட்டும், நீங்கள் போங்கள் என்றேன். இதில் பொய் ஒன்றுமில்லை. இஞ்சின் ரூமுக்குப் போனேன். சிலேட்டை எடுத்தேன். அதில் இருந்த பழைய எழுத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தேன். அது காயட்டும் என்று மேஜைமேல் வைத்தேன். அப்போது ஸ்டேஷன் பக்கம் பாசஞ்சர் ஊதியது. அதை விட்டால் சிதம்பரத்துக்கு அன்றைக்கு வேறு வண்டி இல்லை. ஓடினேன். என் ஜன்மத்தில் நான் செய்த அரைகுறை வேலைகளில் அந்தச் சிலேட்டைப்போல் சுத்தமானது வேறில்லை.

மறுநாள் காலை வண்டி கிள்ளை ஸ்டேஷனில் நின்றபோது ஞாபகம் வந்தது. பரவாயில்லை, மில் சங்கு ஊதுவதற்கு அரைமணி முன்னால் போய்விடுவோமே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பட்டாளத்து ஸ்பெஷல் ஒன்றுக்கு வழிவிடுவதற்காக எங்கள் வண்டியைக் கிள்ளையிலேயே போட்டுவிட்டார்கள். பிளாட்பாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் மன்றாடினேன். அவர் என்ன செய்வார், யுத்தத்தை நிறுத்துவாரா? ஓ.டி.யில் இறங்கி மேல்துண்டு எங்கோ பறக்க நான் ஓடிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதிவிட்டது. மில் வாசலுக்கு நான் வந்தபோது உள்ளே பெண்கள் கூச்சலிட்டார்கள். இஞ்சின் நின்றது.

எனக்கு ஐந்தடி முன்னால் பிட்டர் ஓடிக்கொண்டிருந்தார். அவரும் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். முனுசாமி வழக்கம்போல் கையை ஊன்றியிருக்கிறான். ஊன்ற அங்கே கிராதி இல்லை. முழங்கை வரை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போயிருந்தது. பிட்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தான் முந்தின நாள் சாயங்காலம் வரை உட்கார்ந்து தைத்த பெல்ட்டைக் கத்தியால் அறுத்து அவனை விடுவித்தார். தன் துண்டைக் கிழித்துத் தோளுக்குக் கீழே இறுகக் கட்டினார். ஜட்கா பிடித்து, இரண்டு பேரைத் துணைக்கு ஏற்றி, மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதுவரை அவர் சாக்பீஸை நினைக்கவே இல்லை. வண்டி போன பிறகுதான் சட்டைப்பையில் கையை விட்டார்.

ரத்தம் கிடந்த இடம், சுவரில் சாய்ந்த கிராதி, போல்ட்டு டப்பா, தரையில் அவர் முந்தின நாள் போட்டுவிட்டுப் போன பெரிய ஸ்பானர் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டார். தான் அறுத்துத் தள்ளிய பெல்ட்டுக்கு மட்டும் விட்டு விட்டுப் புள்ளிக்கோடு. இது நான் நகர்த்தியது என்று அதற்கு அர்த்தமாம். கோடு கோணலாக வந்தது. அவர் கோணல் கோடு போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெரிய வளையம் போட்டு, அதன் ஓரத்தில் கடலை மூட்டை ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இஞ்சின் டிரைவரைக் கூப்பிட்டு, பண்ருட்டியில் முகாம் போட்டிருக்கும் பாக்டரி இன்ஸ்பெக்டருக்குத் தந்தி அடிக்கச் சொன்னார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சின் ரூம் பக்கம் போனேன். மேஜைமேல் என் காலி சிலேட்டைச் சுற்றியும் ஒரு கோடு இருந்தது.

மானேஜர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, பெல்ட்டை யார் அறுத்தது என்பது. அதற்குப் பதில் கிடைத்ததும் அடுத்து உத்தரவு போட்டார்: இடத்தைக் கழுவு, கிராதியை மாட்டு. கிராதி இருந்தது, இவனாக அதைத் தாண்டிக் கையை விட்டான் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. தப்பு முனுசாமியுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது அவனுக்குக் கையும் இருக்காது, வேலையும் இருக்காது, கேட்க வாயும் இருக்காது. பார்க்கப்போனால் பிட்டருக்கும் அது நல்லதுதான். கிராதியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவர் அவர். எனக்கு அது எவ்வளவு நல்லது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"மாட்ட மாட்டேன் சார்" என்றார் பிட்டர். "இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும். அப்புறம் நானே கழுவுறேன்."

மானேஜர் கத்தினார். வேலையை விட்டு அனுப்புவேன் என்றார். பிட்டர் மூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. மற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிராதியை மாட்டத் தெரியாது, தெரிந்தவர்களும் அந்தக் கோட்டைத் தாண்டத் துணியவில்லை. கழுவக் கூடாது என்றது பெண்களுக்கும் பிடிக்கவில்லை. ரத்தம் விழுந்த இடத்தை அப்படியே போட்டு வைக்கலாமா, மஞ்சத்தண்ணி தெளித்துப் பூசணிக்காய் சுற்றி உடைத்தால்தான் உள்ளே கால் வைப்போம் என்றார்கள். மானேஜருக்கு அது சாக்காகப் போயிற்று. பூசணிக்காய் வாங்கிவா என்று என்னை விரட்டினார். நான் கடைத்தெருவுக்குப் பறந்தேன். நல்ல வெள்ளைப் பூசணியாகப் பொறுக்கி, தலையில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமம் கொட்டி, மேலே கற்பூரம் வைத்துக் கொண்டுவந்தேன். அந்தக் காரியத்துக்கு மட்டும் எனக்கு மறதியே வரவில்லை.

பிட்டர் என்னையும் பூசணிக்காயையும் பார்த்தார்.

"கோட்டுக்கு வெளிய நின்னு சுத்திக்குங்க. உடைக்காதீங்க. அப்புறம் குங்குமம் எது, ரத்தம் எதுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது."

சுற்றினேன். சுற்றிய காயைக் கீழே வைக்கக் கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். உடைக்கவும் கூடாது. ஆகவே பதினோரு மணியிலிருந்து அந்தப் பூசணிக்காயை இடுப்புப் பிள்ளையைப்போல் அணைத்துக்கொண்டு நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஓட்டையிலிருந்து குங்குமத் தண்ணீர் கசிந்து என் சட்டையெல்லாம் சிவப்பு. வாசலில் எட்டிப்பார்த்த ஒருவர், அடிபட்டவன் நான்தான் என்று நினைத்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

பிட்டர் பேசினார், என்னோடு என்பதைவிட அந்த இடத்தோடு. முன்னே அவர் விழுப்புரத்தில் ரயில் இஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்தாராம். கூட வேலை செய்த ஒருவனுக்குக் கால் போயிற்றாம். பத்து நிமிஷத்தில் குழாயை வைத்துத் தரையைக் கழுவிவிட்டார்களாம். குழாயைப் பிடித்தவர்களில் இவரும் ஒருவராம். கூட்டாளி ரத்தத்தை எல்லாரும் மிதிக்க வேண்டாமே என்ற எண்ணம்தானாம். பிறகு விசாரணையில், அவனே கவனமில்லாமல் காலை விட்டான் என்று எழுதினார்களாம். இல்லை என்று காட்ட அங்கே ஒன்றுமே மிச்சமில்லையாம். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். சிலேட்டைப் பற்றி இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. நறுக்கென்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டுத் தப்பித்திருப்பேன். அவர்மேல் எனக்கு இன்றுவரைக்கும் உள்ள வருத்தம் அது ஒன்றுதான்.

மூன்றரை மணிக்கு அவர் எழுந்தார். காலையிலிருந்து கையில் காய்ந்திருந்த ரத்தத்தை அப்போதுதான் கழுவப் போனார். பெண்கள் முற்றத்தில் இருந்தார்கள். "கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார், உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல்.

நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஸ்பானர்தான் கண்ணில் பட்டது. அது பிட்டருடைய ஸ்பானர், ஊருக்கே தெரியும். அது அங்கே இல்லாவிட்டால் வேலையைப் பாதியில் விட்டுப் போனது யார் என்று தெரியாது. வேலை பாதியில் நின்றதே தெரியாவிட்டால், யாரிடம் சொல்லிவிட்டுப் போனாய் என்ற கேள்வியும் வராது. பிட்டரைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறேன் என்று மனசார நம்பினேன். அவரோடு சேர்ந்து இன்னொரு ஆசாமியும் தப்பிப்பான் என்பது தற்செயலாம். சுவரில் கிராதி சாய்ந்து நிற்பதும், டப்பாவில் நாலு போல்ட்டு கிடப்பதும் என் மூளையில் ஏறவில்லை. பூசணிக்காயை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன், ஸ்பானரை எடுத்தேன், வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு முழ நீளம், நல்ல கனம். நிமிர்ந்து பார்த்தபோது தரையில் அச்சு அசலாக ஒரு ஸ்பானரின் உருவம், உள்ளே ஒன்றுமில்லாமல். திரும்ப வைத்துவிடலாம் என்று குனிந்தேன். வாசலில் இன்ஸ்பெக்டரின் கார் வந்து நின்றது.

அவர் அதிகம் பேசாத மனுஷர். தலைத்தொப்பியைக் கழற்றிவிட்டு, பிட்டர் சுற்றுவதுபோலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஒரு சுற்று வந்தார். மானேஜர் பக்கத்தில் வந்து ஆரம்பித்ததை ஒரு கையால் நிறுத்தினார். காலி உருவத்துக்கு எதிரே நின்று, இங்கே என்ன இருந்தது என்று கேட்டார்.

"என் ஸ்பானர் சார். இப்பத்தான் இருந்துச்சு" என்றார், அதற்குள் ஈரக்கையோடு திரும்பி வந்திருந்த பிட்டர்.

யார் எடுத்தது என்றார் இன்ஸ்பெக்டர். நான் பார்க்கவில்லை என்றார் பிட்டர். பார்க்காததைச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் என் பக்கம் திரும்பிவிட்டார். என் மனச்சாட்சி முன்வந்தது என்று இந்த இடத்தில் எழுத எனக்கு ஆசைதான். முன்வந்தது என் வேட்டி. இரண்டு கையிலும் பூசணிக்காய், இடுப்பில் இரும்பு. முடிச்சு நெகிழ்ந்து இறங்குவது தெரிந்தது. பூசணிக்காயை விட்டால் மானம் தப்பும், ஆனால் அது உடைந்து எல்லாம் சிவப்பாகும். விடவில்லை. ஸ்பானர் நழுவி என் வலதுகால் கட்டைவிரல்மேல் விழுந்தது. கடலை பொறுக்கும் பெண்களில் ஒருத்தி வந்து பூசணிக்காயை வாங்கிக்கொண்ட பிறகுதான் நான் வேட்டியைப் பிடித்தேன்.

ஸ்பானரை எடுக்கக் குனிந்தேன்.

"எடுக்காதீங்க. காலையும் எடுக்காதீங்க" என்றார் பிட்டர்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஸ்பானரைச் சுற்றிக் கோடு போட்டார். அது என் விரலில் சாய்ந்து கிடந்ததால் கோடு அப்படியே என் பாதத்தையும் சுற்றி வந்தது. கால் வலியில் உயிர் போயிற்று, அசையவில்லை. இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார்: வேலையை முடிக்காமல் போயிருக்கிறாய், யாரிடமாவது சொன்னாயா?

"மானேஜர் கூப்ட்டாரு, போனேன் சார். கிராதி மாட்டாம போனது என் தப்பு. அத எழுதிக்குங்க" என்றார். பிறகு சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மத்தது அது இருக்குற எடத்துல இருக்குது. அத நான் எடுத்துக் குடுக்கக் கூடாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காலைப் பார்த்தேன். எங்கே போவது? சொன்னேன். சிலேட்டு, ஈரத்துணி, பாசஞ்சர், கிள்ளை எல்லாம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் இஞ்சின் ரூமுக்குப் போய்க் காலி சிலேட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். கிராதி இல்லாமல் மிஷின் ஓடியது, தொழிலாளி மேல் தப்பில்லை என்று வாசித்துக் காட்டி எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அவர் போனதும் பிட்டர் சொன்னபடி தானே தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தைக் கழுவினார். எல்லாக் கோட்டையும் அழித்தார், என் பாதத்தின் கோட்டைத் தவிர. மறந்திருப்பார் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். அவர் மறக்கிற ஆளா?

பிட்டரை அந்த வாரமே வேலையை விட்டு அனுப்பினார்கள். என்னை அனுப்பவில்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். எண்ணெய் ஊறிய சிமெண்டுத் தரையில் அந்தக் கோடு மாதக்கணக்கில் அழியாமல் கிடந்தது. பெண்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். நானும் சுற்றித்தான் போவேன். ஒரே ஒரு நாள், யாரும் இல்லாதபோது, உள்ளே காலை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்லாமல் இத்தோடு முடித்துவிடத்தான் நினைத்திருந்தேன்.

விபத்து நடந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பிட்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முனுசாமிக்கு முழங்கைக்குமேல் எடுத்திருந்தார்கள். மில்லிலிருந்து யாரோ முன்பே வந்து, தப்பு உன்னுடையதுதான் என்று ஓதிவிட்டுப் போயிருந்தார்கள். அவனும் அதை நம்பத் தொடங்கியிருந்தான். அன்றைக்குத் தூக்கக் கலக்கமாக இருந்ததோ என்னவோ என்றான். அவன் மனைவி கட்டிலின் கால்மாட்டில் தலையைக் குனிந்து நின்றாள்.

"மாமா, நானாத்தான் கைய விட்டனா?" என்றான்.

பிட்டர் சாக்பீஸை எடுத்துக் கட்டிலோரச் சுவரில் வரைந்தார். இது மிஷின், இது சுவர், இங்கே கிராதி சாய்ந்திருந்தது, இங்கே நீ.

"எப்பவும் ஊன்ற எடத்துலதான் ஊன்னிருக்க. அந்த எடத்துலதான் கிராதி இல்ல. எல்லாம் எழுதிட்டாங்க. உம்மேல ஒண்ணும் இல்லடா."

முனுசாமி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. அவன் மனைவி முதல் தடவையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். வார்டு ஆள் ஒருவர் வந்து சுவரைக் கெடுத்ததற்குச் சத்தம் போட்டார். பிட்டர் மறுபேச்சில்லாமல் துண்டால் துடைத்தார்.

அப்போதுதான் முனுசாமி என்னைக் கவனித்தான். என்ன சார், காலில் கட்டு என்று கேட்டான். ஸ்பானர் விழுந்துவிட்டது என்றேன். வலது கையைப் பறிகொடுத்தவன் எனக்காகத் துடித்துப்போய், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், ஈரம் படவிடாதீர்கள், கட்டைவிரல் பொல்லாதது என்றான். இதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சிலேட்டில் எழுத வேண்டியவன் நான்தான், வண்டிக்கு நேரமாயிற்று என்று எழுதாமல் ஓடிவிட்டேன் என்று சொன்னேன்.

பிட்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி கெடச்சுதா சார்?" என்றான் முனுசாமி. குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கெடச்சுது" என்றேன்.

"உக்கார எடம்?"

இருந்தது என்றேன். ஜன்னல் ஓரமாகவே இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.